மௌன வேளையில் வருகைப்பதிவு

எனக்கு ஆறு நாள் குறைந்தது.

பி.எஸ்ஸி. கடைசி வருடத்தில் டைபாய்டு வந்து இருபத்திரண்டு நாள் படுத்திருந்தேன். டாக்டர் சான்றிதழைக் காட்டியதும் பதினாறு நாளை மன்னித்தார்கள். மீதி ஆறு நாளை மன்னிக்க விதியில் இடமில்லை என்றார்கள். அந்த ஆறு நாளும் எனக்குக் காய்ச்சல்தான் என்று எழுதிக் கொடுத்தேன். பதினாறு நாள் காய்ச்சலுக்கு மட்டுமே விதி இருக்கிறது, அதற்கு மேற்பட்ட காய்ச்சல் மாணவியின் சொந்தப் பொறுப்பு என்று பதில் வந்தது. மார்ச் மாதம் தேர்வு எழுத முடியவில்லை.

செப்டம்பரில் எழுதலாம், ஆறு நாளை எப்படியாவது ஈடு செய்தால். சுரண்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை வேலை எனக்காகக் காத்திருந்தது. தலைமையாசிரியை ரெங்கம்மாள் தென்காசிக்கு எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொன்னார்.

"செப்டம்பர்ல எழுதிட்டான்னா உங்க பிள்ளைக்குத்தான் அண்ணாச்சி. அடுத்த மார்ச்சுன்னா நான் என்ன செய்ய முடியும்? அதுவரைக்கும் தவளையை யாரு அறுப்பா?"

அவர் போன பிறகு அப்பா என்னைப் பார்த்தார். "ஆறு நாள் எங்கனயாவது கிடைக்குமான்னு விசாரியேன்" என்றார், சந்தையில் கேட்டு வாங்குகிற பொருளைப் போல.

கிடைத்தது. அது 1956. புத்தர் பெருமானின் இரண்டாயிரத்து ஐந்நூறாவது ஆண்டை நாடெங்கும் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மாணவர் ஆன்மிக முன்னேற்ற உயர்நிலைக் குழு என்று ஒன்று இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. ஜூலை மாதம் ஆறு நாள் பௌத்தச் சொற்பொழிவும் தியானமும் நடக்கும், கலந்துகொள்கிற பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆறு நாள் வருகை வழங்கப்படும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். குழுவில் ஒன்பது உறுப்பினர்கள். தியானத்துக்கு ஏற்ற இடம் எது என்று அவர்கள் பல கூட்டங்களில் ஆராய்ந்து, சாரல் காலத்தில் குற்றாலம்தான் என்று ஏகமனதாக முடிவு செய்திருந்தார்கள். உறுப்பினர்கள் குடும்பத்தோடும் எண்ணெய்ப் பாட்டில்களோடும் மூன்று நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தார்கள். இடத்தின் அமைதியைச் சோதிப்பதற்கு என்று சொன்னார்கள்.

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு பழைய ஜமீன் பங்களா. அதன் பெரிய மண்டபத்தில் நாற்பது பாய்கள் விரித்திருந்தன. நாங்கள் நாற்பது பேர், அதில் பெண்கள் பதினொருவர். என் அறையில் ஜெபமலர் இருந்தாள். சரித்திரம் படிப்பவள். அவளுக்கு மூன்று நாள்தான் குறைவு. "மூணு நாள் அட்டெண்டன்சுக்கு, மூணு நாள் அருவிக்கு" என்று பெட்டியைத் திறக்கும்போதே கணக்கைச் சொல்லிவிட்டாள்.

தொடக்க விழா ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. குழுவின் செயலாளர் பேராசிரியர் நாறும்பூநாதன் மௌனத்தைப் பற்றிப் பேசினார்.

"மௌனம் என்றால் என்ன? பேசாமை. பேசாமை என்றால் என்ன? இதைப் பற்றி நான் நான்கு மணி நேரம் பேசக்கூடியவன். காலத்தின் அருமை கருதி இரண்டு மணி நேரத்தில் முடித்துக்கொள்கிறேன். மாணவச் செல்வங்களே! சித்தார்த்தர் ஆறு ஆண்டுகள் காட்டில் அலைந்தார். ஏன் ஆறு ஆண்டுகள் ஆயின? அவருக்குக் குழு இல்லை. செயலாளர் இல்லை. நிகழ்ச்சி நிரல் இல்லை. அந்தக் குறைகளையெல்லாம் நீக்கி, அதே காரியத்தை ஆறு நாளில் முடிக்க நம் குழு ஏற்பாடு செய்திருக்கிறது என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

மேடையின் ஓரத்தில் ஒரு பிக்கு உட்கார்ந்திருந்தார். பர்மாவிலிருந்து வந்தவர். ரங்கூனில் நம்மவர்களோடு பழகித் தமிழ் கற்றவர். உண்மையில் பேச வேண்டியவர் அவர்தான். ஆனால் அவரை அறிமுகம் செய்ய ஒன்பது உறுப்பினர்களும் முன்வந்தார்கள். பிக்கு அதிகம் பேசாதவர் என்பதை ஒவ்வொருவரும் விரிவாக எடுத்துச் சொன்னார்கள். முடியும்போது மணி பன்னிரண்டே முக்கால். நடுப்பகல் தாண்டினால் பிக்குகள் சாப்பிட மாட்டார்கள் என்பது அப்போதுதான் யாருக்கோ நினைவு வந்தது. பிக்கு சிரித்துக்கொண்டே தண்ணீர் கேட்டார். அவருடைய சொற்பொழிவு மறுநாள் மாலைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

பிறகு விதிகளைச் சுவரில் ஒட்டினார்கள். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மௌன வேளை. ஒரு சொல் பேசினாலும் அந்த நாள் ரத்து. அதற்குக் கீழே: வருகைப்பதிவு காலை ஒன்பதரைக்கு எடுக்கப்படும். மாணவர் வாயால் விடையளிக்க வேண்டும்.

நான் இரண்டையும் இரண்டு முறை படித்தேன். எனக்குப் புரியாத ஏதோ ஏற்பாடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தோம். ஒன்பதரைக்கு நாறும்பூநாதன் பதிவேட்டுடன் வந்தார்.

"அனந்தகிருஷ்ணன்."

முதல் வரிசையிலிருந்த அனந்தகிருஷ்ணன் ஒரு கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தான். மறுபடி மூடிக்கொண்டான். மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அவனை வராதவன் என்று குறித்தார் பேராசிரியர்.

"இசக்கியப்பன்."

"உள்ளேன் ஐயா."

பேராசிரியர் வந்தவன் என்று குறித்தார். பிறகு பக்கத்திலிருந்த வேறொரு நோட்டை எடுத்து, மௌனம் கலைத்தவன் என்று அதில் எழுதினார்.

என் பெயர் குழல்வாய்மொழி. வரிசையில் பதினொன்றாவது. எனக்கு முன்னால் இருந்த பத்துப் பேரில் ஆறு பேர் பேசியும் நான்கு பேர் பேசாமலும் அந்த நாளை இழந்திருந்தார்கள். என் முறை வந்தபோது வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வகுப்பிலும் சில நாள் எனக்கு இப்படி ஆகும். வராதவள் என்று குறித்தார்.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்ததும் யாக்கூப் எழுந்தான். கடையநல்லூர்க்காரன். பொருளாதாரம்.

"ஸார், பதில் சொன்னா மௌனம் போகுது. சொல்லலேன்னா ஆளே போகுதான். நாங்க என்னதான் செய்ய?"

"நல்ல கேள்வி" என்றார் நாறும்பூநாதன். "புத்தரும் துன்பத்திலே இருந்துதான் ஆரம்பிச்சார்."

"பன்னெண்டு மணிக்குப் பொறவு பேரைக் கூப்பிடலாமே ஸார்."

"அது மத்தியான வருகை ஆயிரும். அரை நாள்தான்."

"அப்ப மௌனத்தைப் பத்து மணிக்குத் தொடங்கலாம்."

"மௌனம் மூணு மணி நேரம்னு அச்சடிச்சாச்சேப்பா. பத்துக்குத் தொடங்கினா ஒரு மணிக்குல்லா முடியும்? பன்னெண்டுக்குச் சாப்பாடு."

"கை தூக்கினாப் போதாதா ஸார்?"

பேராசிரியரின் முகம் வாடியது. "போன வருஷ முகாம்ல கைதான் தூக்கச் சொன்னோம். நாற்பது பேருக்கு எழுபத்திரெண்டு கை. மேலிடத்துல இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

அன்று சாயங்காலம் குழு கூடியது. ஒன்பது பேர் தலையிலும் ஈரம் காயவில்லை. பிக்கு பேசியிருக்க வேண்டிய நேரத்தில் தீர்மானங்களைப் படித்தார்கள். முதல் தீர்மானம்: எதிர்பாராத தெளிவின்மை காரணமாகத் திங்கட்கிழமை எல்லோருக்கும் வருகை வழங்கப்படும், ஆனால் மீதி ஐந்து நாளில் ஒரு நாள் குறைந்தாலும் திங்களோடு ஆறு நாளும் போய்விடும். இரண்டாவது தீர்மானம்: மாணவர்கள் மௌனம் காக்க, அவர்கள் சார்பில் விடையளிக்க ஒரு பொதுக் குரல் நியமிக்கப்படும்.

"இதுக்குப் பேருதானட்டி பிராக்ஸி?" என்று ஜெபமலர் என் காதில் கேட்டாள். "இதுக்காகத்தானே என்னை மூணு நாள் கழிச்சாங்க?"

பங்களாவின் பியூன் பொதுக் குரலாக இருக்கட்டும் என்றார் ஓர் உறுப்பினர். பதினொரு பெண்களுக்கு ஆண் குரலில் விடையளிப்பது பண்பாடு ஆகாது என்றார் இன்னொருவர். ஆண்களுக்குப் பெண் குரலில் விடையளிக்கலாமா என்பதை முக்கால் மணி நேரம் ஆராய்ந்து, தாய்மை எல்லோருக்கும் பொது என்ற அடிப்படையில் அனுமதித்தார்கள்.

பெண் குரலைத் தேடித் தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. ஐந்தருவியில் மங்குஸ்தான் பழம் விற்கும் பிச்சம்மாள், சாரல் வலுத்தால் கூடையோடு எங்கள் தாழ்வாரத்தில்தான் ஒதுங்குவாள். நாற்பது வயது இருக்கும். அவளைக் கூப்பிட்டார்கள்.

"பேரைக் கூப்பிடுவேன். நீ உள்ளேன் ஐயான்னு சொல்லணும். அவ்வளவுதான்" என்றார் நாறும்பூநாதன்.

"யாரு பேரை?"

"எல்லாரு பேரையும்."

"நான் எப்படிய்யா எல்லாருமா இருக்க முடியும்?"

"இருக்க வேண்டாம். சொன்னாப் போதும்."

பிச்சம்மாள் வெளியே சாரலைப் பார்த்தாள். "கூடையை உள்ள வச்சிக்கிடலாமா?"

"வச்சிக்கோ."

நியமனம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் தாழ்வாரத்தில் வாசற்படியை ஒட்டி உட்கார்ந்துகொண்டு நாற்பது பேருக்கும் விடையளித்தாள். நல்ல கணீர்க் குரல். அருவிச் சத்தத்துக்கு மேலே கூவி விற்றுப் பழகிய குரல். தொடக்கத்தில் விடையோடு சில தகவல்களையும் சேர்த்தாள். "உள்ளேன் ஐயா, இந்தத் தம்பி நல்லா தூங்குதாரு." "உள்ளேன் ஐயா, இந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது." விடை மட்டும் போதும் என்று சொன்ன பிறகு நிறுத்திக்கொண்டாள். இரண்டே நாளில் நாற்பது பெயரும் அவளுக்கு வரிசையாக மனப்பாடம் ஆயிற்று. பேராசிரியர் பாதிப் பெயரில் இருக்கும்போதே விடை வந்துவிடும். தினமும் பதினொன்றரைக்கு நாலு பழத்தைப் பிளந்து பிக்குவின் முன்னால் வைத்து, "சாமி, பன்னெண்டு அடிக்கப் போகுது, சாப்பிடுங்க" என்று நினைவுபடுத்துவதையும் அவளே ஏற்றுக்கொண்டாள். குழுவில் வேறு யாருக்கும் அது நினைவு வரவில்லை.

புதன்கிழமை ஒரு படிவம் கொடுத்தார்கள். மாணவர் பெயர், பாடம், அதற்கடுத்து மனம் அலைந்த எண்ணிக்கை. தியானம் முடிந்ததும் பூர்த்தி செய்ய வேண்டும்.

எனக்கு எண்ணுவது பிடிக்கும். முதல் அரை மணி நேரத்தில் என் மனம் பரிசோதனைக் கூடத்துக்கும் சுரண்டைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போய் வந்தது. மூன்று மணி நேரத்துக்கு முப்பத்தேழு முறை. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

நாறும்பூநாதன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏம்மா, முப்பத்தேழா?"

"ஆமா ஸார். ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிருக்கலாம்."

"மத்த எல்லாரும் பூஜ்யம் போட்டிருக்காங்க. இந்த யாக்கூப்பைப் பாரு, மைனஸ் ரெண்டு."

அவர் என் படிவத்தை மறுபடி பார்த்தார்.

"நீ எண்ணாம இருந்திருக்கலாம்லா?"

"எண்ணச் சொன்னீங்களே ஸார்."

"எண்ணச் சொன்னோம். முப்பத்தேழு வரைக்குமா எண்ணச் சொன்னோம்?"

ஆனாலும் அவர் நல்ல மனிதர். படிவத்தைத் திருத்தச் சொல்லவில்லை. நாற்பது பேருக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தார். ஒன்றுக்கும் குறைவாக, முக்காலே அரைக்கால் வந்தது. முகாமில் ஒருவருடைய மனமும் ஒரு முறைகூட முழுதாக அலையவில்லை என்று அன்று மாலை குழுவில் அறிவித்தார். கைதட்டினார்கள். பிக்குவும் தட்டினார். அவருடைய சொற்பொழிவுக்கு அன்று ஐந்து நிமிடம் மிச்சமிருந்தது. நன்றியுரைக்கு அதை எடுத்துக்கொண்டார்கள்.

பெயர் பிச்சம்மாளின் வாயில் பத்திரமாக இருக்கும்போது உடம்பு எதற்கு மண்டபத்தில் இருக்க வேண்டும் என்பதை முதலில் கண்டுபிடித்தவன் யாக்கூப். புதன்கிழமையே ஏழு பாய்கள் காலி. வியாழக்கிழமை இருபத்தாறு.

"ஏட்டி, நீயும் வா" என்றாள் ஜெபமலர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. "அஞ்சு அருவியிலயும் தண்ணி கொட்டுது. உன் பேரை அந்த அக்கா உன்னைவிட நல்லா சொல்லுதா."

"நான் வரல. நாள் போயிரும்."

"எப்படிட்டி போகும்? நேத்து நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன், இங்க நான் தியானத்துல இருந்திருக்கேன். பதிவேட்டுலயே இருக்கு."

"எனக்கு ஆறும் வேணும்."

"உள்ள உக்காந்து என்ன செய்யுத?"

"ஒண்ணும் செய்யல. சும்மா இருக்கேன்."

"அதுக்கு ஒரு முகாமா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் போகாததற்குக் காரணம் பயம்தான். ஒரு நாள் போனால் ஆறும் போகும். ஆறும் போனால் சுரண்டை போகும். இன்னொரு காரணமும் இருந்தது. கூட்டம் குறைந்த பிறகு அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது நன்றாக இருந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே வந்து விழுவது தெரியும். மூச்சு வருவது தெரியும், போவது தெரியும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதற்குப் படிவத்தில் இடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை நாறும்பூநாதன் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். மறுநாள் சென்னையிலிருந்து தனி அதிகாரி வல்லிநாயகம் பார்வையிட வருகிறார். அவருக்குக் காட்ட ஒரு வரைபடம் வேண்டும். மண்டபத்தில் கேட்கும் இருமல், தும்மல், கொட்டாவி எல்லாவற்றையும் பியூன் முதல் நாளிலிருந்தே எண்ணி வைத்திருந்தார். நான் விஞ்ஞானம் படிப்பவள் என்பதால் வரைந்து தரச் சொன்னார்.

திங்கள் நூற்றுப் பன்னிரண்டு. செவ்வாய் தொண்ணூற்றாறு. புதன் எழுபத்தொன்று. வியாழன் இருபத்தெட்டு. வெள்ளி ஆறு. அழகாக இறங்கியது. பக்கத்திலேயே மண்டபத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கையை இன்னொரு கோடாக வரைந்தேன். நாற்பது, நாற்பது, முப்பத்து மூன்று, பதினான்கு, மூன்று. இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்கின. ஆளுக்கு இரண்டு மூன்று இருமல் என்பது கடைசி வரை பெரிதாக மாறவில்லை என்று அடிக்குறிப்பும் எழுதினேன்.

அவர் வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த ரெண்டாவது கோடு எதுக்கும்மா?"

"ஆள் எண்ணிக்கை ஸார்."

"பதிவேட்டுல எத்தனை இருக்கு?"

"நாற்பது ஸார்."

"நீ மூணுன்னு போட்டிருக்கியே."

"மூணு பேர்தான் இருந்தோம் ஸார். நானும் இருந்தேன்."

"கண்ணால பார்க்கிறதை அப்படியே நம்பிரக் கூடாதும்மா. எல்லாம் தோற்றம்" என்றார். அவர் வேதாந்தம் படித்துப் பட்டம் வாங்கியவர். குழுவில் பௌத்தம் தெரிந்தவர் யாரும் கிடைக்காததால் அவரைப் போட்டிருந்தார்கள். ரப்பரை எடுத்து இரண்டாவது கோட்டை அவரே அழித்தார். அடிக்குறிப்பையும் அழித்தார். "இப்ப பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு."

சனிக்கிழமை காலையில் மலைமேல் மழை. ஐந்தருவியில் தண்ணீர் பெருகிவிட்டது என்ற செய்தி வந்ததும், வெள்ளிக்கிழமை என்னோடு இருந்த மற்ற இருவரும் போய்விட்டார்கள். ஒன்பது மணிக்கு மண்டபத்தில் நான் மட்டும் இருந்தேன், மூன்றாவது வரிசையில்.

தனி அதிகாரி கார் ஒன்பதேகாலுக்கு வந்தது. வல்லிநாயகம் வாசலில் நின்று மண்டபத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒன்பது உறுப்பினர்களும் நின்றார்கள். பாய்கள் கயிறு பிடித்ததுபோல் வரிசையாகக் கிடந்தன. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் பேசினார்.

"முப்பது வருஷமா கல்வித் துறையில இருக்கேன். இப்படி ஓர் ஒழுங்கை நான் எங்கும் பார்த்ததில்லை. ஓர் அசைவு இல்லை. ஓர் இருமல் இல்லை. பாய்கூடக் கசங்கவில்லை. இதுதான், ஐயா, இதுதான் நாம் விரும்புகிற மாணவ சமுதாயம்."

நாறும்பூநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூன்றாவது வரிசையில் மட்டும் ஏதோ இருக்கிறதே" என்றார் அதிகாரி.

"ஒரு பிள்ளை ஸார்."

"பரவாயில்லை. ஒருவர்தானே."

எல்லோரும் முன்னால் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வேறு யாரும் இல்லை. வருகைப்பதிவு தொடங்கியது. பத்துப் பெயர்களுக்குத் தாழ்வாரத்திலிருந்து மணிமணியாக விடை வந்தது.

"குழல்வாய்மொழி."

ஓர் அதிகாரி நேருக்கு நேர் பார்க்கும்போது பெயரைச் சொன்னால் வாய் என்ன செய்யும்? பதினைந்து வருடப் பழக்கம். "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டேன். அதே நொடியில் வாசற்படியிலிருந்து பிச்சம்மாளும் சொன்னாள்.

பேனா நின்றது.

"ஒரு பெயர்" என்றார் வல்லிநாயகம். "இரண்டு குரல். இதில் ஒன்று கள்ளக் குரல்."

பிச்சம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "செவ்வாய் முதல் வெள்ளி வரை இந்தப் பெயருக்கு விடையளித்த குரல் யாருடையது?"

"இந்தம்மாவோடது ஸார். குழுவோட தீர்மானம் இருக்கு" என்றார் நாறும்பூநாதன்.

"அப்படியானால் பதிவேட்டில் உள்ள குரல் இவருடையது. இந்தப் பெண்ணின் குரல் இன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறது. கள்ளக் குரல் இந்தப் பெண்தான்."

"நான்தான் ஸார் குழல்வாய்மொழி" என்றேன்.

"அது வேறு விஷயம்."

"நல்ல பிள்ளை ஸார்" என்றார் நாறும்பூநாதன். "ஆறு நாளும் மண்டபத்துக்கு வந்த ஒரே பிள்ளை."

"அதுதானே சிக்கல். மற்ற முப்பத்தொன்பது பேராலும் ஏதாவது தொந்தரவு உண்டா? இந்தப் பெண்ணும் வராமல் இருந்திருந்தால் வருகையில் ஒரு குறையும் இருந்திருக்காது."

அவர்கள் கலந்து பேசினார்கள். இன்று போனால் ஆறும் போகும் என்பதை நாறும்பூநாதன் எனக்காக இரண்டு முறை எடுத்துச் சொன்னார். கடைசியில் அதிகாரி மனம் இரங்கினார். நான் ஒரு வாக்குமூலம் எழுதித் தர வேண்டும். சனிக்கிழமை காலை நான் மண்டபத்தில் இல்லை, ஆகவே அங்கே கேட்ட இரண்டாவது குரல் என்னுடையதல்ல, பொதுக் குரலின் விடையே செல்லும். இதற்கு ஒரு சாட்சி வேண்டும். அதன் பேரில் எனக்கு வருகை வழங்கப்படும்.

நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பரிசோதனைக் கூடத்தில் பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் மதிப்பெண் போகும். பார்த்ததை இல்லை என்று எழுதினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரெங்கம்மாளின் பள்ளியில் ஜாடிக்குள் காத்திருக்கும் தவளைகளை நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

சாட்சியாகப் பிச்சம்மாளின் கைநாட்டைக் கேட்டார்கள். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் விசாரித்தாள். நாறும்பூநாதன் படித்துக் காட்டினார்.

பிச்சம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இந்தா நிக்குதே பிள்ளை. இல்லேன்னு நான் எப்படி வைப்பேன்?"

"நாலு நாளா இல்லாத பிள்ளைகளுக்கெல்லாம் உள்ளேன்னு சொன்னியேம்மா?"

"அது வாய்தானய்யா. காத்தோட போச்சு. இது கைநாட்டு. எங்க வீட்டுக்காரரு என்னன்னு கேக்காம ஒரு தடவை வச்சாரு, நடுவயல் போச்சு. நான் வைக்க மாட்டேன்."

அதிகாரி மேசையை விரலால் தட்டினார். "இந்தப் பெண் இங்கே இல்லாவிட்டால் வைப்பாயா?"

"இல்லேன்னா இல்லேன்னு வைக்கதுக்கு என்ன?"

"நீங்கள் சற்று வெளியே போய் நில்லுங்கள்" என்றார் என்னிடம். "கண்ணுக்குத் தெரியாத தூரத்தில். குறையுள்ள பதிவு செல்லாது. வருகைப்பதிவை முதலிலிருந்து எடுக்க வேண்டும். அது முடியும்வரை வரக்கூடாது."

நான் தாழ்வாரத்தைத் தாண்டி முற்றத்தில் இறங்கினேன். சுவர் முடிகிற இடத்தில் ஒரு மகிழ மரம். அதன் கீழே பிக்கு குடையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே நாற்காலி போதவில்லை. தம் சொற்பொழிவுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். என்னைக் கண்டதும் குடையை என் பக்கம் நகர்த்தினார்.

"முடிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"இல்லை. நான் இங்கே இருந்தால்தான் அங்கே இருப்பேனாம்."

அவர் குடையை நிமிர்த்திப் பிடித்தார். "இது எங்கள் நூல்களில் இல்லை" என்றார்.

உள்ளே அனந்தகிருஷ்ணனிலிருந்து தொடங்கினார்கள். பிச்சம்மாளின் குரல் ஒவ்வொரு பெயருக்கும் எழுந்தது. கைநாட்டு வைத்தாயிற்று என்று தெரிந்தது. நான் விரல் விட்டு எண்ணினேன். எட்டு. ஒன்பது. பத்து.

"குழல்வாய்மொழி."

விடை வரவில்லை.

பிக்கு என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்கள் பெயர் அல்லவா?"

நான் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

"குழல்வாய்மொழி" என்று இரண்டாவது முறை கூப்பிட்டார் நாறும்பூநாதன். பிறகு பிச்சம்மாளிடம் கெஞ்சினார். "ஏம்மா, சொல்லேன்!"

"இப்பத்தானய்யா அந்தப் பிள்ளை இல்லேன்னு கைநாட்டு வாங்குனீங்க?" என்றாள் பிச்சம்மாள். "மை காயலை. அதுக்குள்ள உள்ளேன்னு சொல்லச் சொல்லுதீங்க. மத்தவங்களுக்குன்னா சொல்லுதேன். இந்தப் பிள்ளைக்கு நான் சொல்ல மாட்டேன்."

மூன்றாவது முறைக்கு மேல் கூப்பிட மாட்டார்கள். மழைத்தண்ணீர் மகிழ இலையிலிருந்து குடைமேல் சொட்டியது. திங்கட்கிழமை போகிறது. செவ்வாய் போகிறது. முப்பத்தேழு எண்ணிய புதன் போகிறது. இருமலை வரைந்த வெள்ளியும் போகிறது.

"குழல்வாய்மொழி!"

"உள்ளேன் ஐயா!"

அது என் குரல்தான். எனக்குள் அவ்வளவு பெரிய குரல் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. மரத்திலிருந்த குரங்குகள் கிளை விட்டுக் கிளை தாவின. பிக்குவின் கையில் குடை ஆடியது. சாலையில் அருவியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஜெபமலர் ஈரத் தலையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே முணுமுணுப்புக் கேட்டது. பிறகு அதிகாரியின் குரல் நிதானமாக வந்தது.

"ஒரே குரல்தானே?"

"ஒண்ணுதான் ஸார்."

"மண்டபத்தில் யாரும் பேசவில்லையே?"

"மண்டபத்துல யாருமே இல்ல ஸார்."

"அப்படியானால் எல்லாம் சரியாக இருக்கிறது. மேலே படியுங்கள்."

ஜன்னலில் நாறும்பூநாதனின் பேனாப் பிடித்த கை தெரிந்தது. அது பதிவேட்டில் இறங்கி, ஒரு வருகைக் கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்தது.

"கோமதிநாயகம்" என்றார்.

"உள்ளேன் ஐயா" என்றாள் பிச்சம்மாள்.